ஒற்றைக் கொக்கி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் உங்கள் மடத்துத் தலைவி மதர் அவர்களுக்கும் என் வணக்கம். மதர், இதில் கொஞ்சம் கோபம் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தீர்கள் என்றால் உங்களுக்குப் பாவம் சேராது.

அக்கா, நான் நலம். அம்மா நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நெட்டை அண்ணன்தான் நலமில்லை. போன வியாழக்கிழமை சாரத்திலிருந்து விழுந்துவிட்டார்.

அவரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். நான் இந்தக் கட்டட வேலைக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளனாகச் சேர்ந்த முதல் நாள், "சேஃப்டி சார், நீங்க கீழயே நில்லுங்க. மேல வந்தா உங்களைப் பிடிச்சுக்க தனியா ஒரு ஆளு வேணும்" என்று சொன்னவர். அன்றிலிருந்து சைட்டில் என் பெயரே சேஃப்டிதான். சாரம் கட்டுவதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. நாலாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். கீழே மணல் கொட்டியிருந்ததால் உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் சுவரைப் பார்க்கிறார்.

மேனேஜர் அன்று சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார். "அவனா கொக்கியை அவுத்தான், அவனா விழுந்தான். நாம என்னப்பா பண்ண முடியும்?"

அவர் சொல்வது உண்மைதான், அக்கா. அதுதான் வயிற்றெரிச்சல். நெட்டை அண்ணன் கொக்கியை அவிழ்த்தார். ஏன் அவிழ்த்தார் என்று கேள். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு கொக்கி. அதைச் சாரத்தின் குறுக்குக் குழாயில் மாட்டிக்கொண்டு நகர வேண்டும். ஆறடிக்கு ஒரு செங்குத்துக் குழாய் குறுக்கே வரும். கொக்கி அதைத் தாண்டாது. அவிழ்த்து, அந்தப் பக்கம் போய், மறுபடி மாட்ட வேண்டும். அந்த இரண்டு மூச்சு நேரம் அவரைப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இப்படி. கயிற்றில் இரண்டு கொக்கி இருந்தால் ஒன்றை முன்னால் மாட்டிவிட்டுப் பின்னால் இருப்பதை எடுக்கலாம். எங்கள் ஆட்கள் இடுப்பில் இருப்பது ஒற்றைக் கொக்கி.

முப்பதாம் தேதி தொழிலாளர் துறை அதிகாரி விசாரணைக்கு வருகிறார். "அவனா அவுத்தான்" என்று எழுதிவிட்டால் கம்பெனி கை கழுவிவிடும். வைத்தியமும் நின்றுபோகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறாய் இல்லையா? வானதூதர்களான சம்மனசுகளில் கொஞ்சம் பேர் கடவுளை எதிர்த்துத் தங்கள் சொந்த விருப்பத்தால் விழுந்து பேய்களானார்கள் என்று. யார் பார்த்தது அக்கா? விழுந்தவர்களின் வாக்குமூலம் எங்கே? அறிக்கை முழுக்க மேலே இருந்தவர்கள் எழுதியதுதானே? எனக்கு அந்த விசாரணையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பதில் எழுது.

உன்,
வாலு


ஜூன் 11

அன்புத் தம்பி வாலுவுக்கு,

மதர் உன் கடிதத்தைக் கண்ணாடியோடுதான் படித்தார். கொடுக்கும்போது "உங்க தம்பிக்கு வாய் நீளம்" என்று மட்டும் சொன்னார். இந்த மடத்தில் அது ஏறக்குறைய பாராட்டு.

நெட்டை அண்ணனுக்காக இங்கே எல்லோரும் ஜெபிக்கிறோம். உனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கோபம் வந்தால் சாப்பாட்டை ஒதுக்கிவிடுவாய். அம்மாவுக்கு அதுவே பெரிய வேதனை.

உன் கேள்வியை என் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி போன வாரமே கேட்டுவிட்டாள். நாங்கள் அவளைக் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடுகிறோம். "சிஸ்டர், பேய்ங்க மறுபடி சம்மனசா ஆக முடியாதா?" புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். சம்மனசுகளுக்கு நம்மைப் போல அரைகுறை அறிவு இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தே, யாரும் தள்ளாமல், தாங்களாகத் தேர்ந்துகொண்டார்கள். முழு வெளிச்சத்தில் எடுத்த முடிவு, அதனால் மாறாது. மனிதர்கள் பாதி இருட்டில்தான் எதையும் முடிவு செய்கிறோம். பசி, பயம், அவசரம், பின்னாலிருந்து ஒருவர் கத்துவது எல்லாம் இருக்கும். அதனால்தான் நமக்குத் திரும்பி வர வழி வைத்திருக்கிறது.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அவ்ளோ வெளிச்சத்துல இருந்தவங்க எப்படி சிஸ்டர் தப்பு பண்ணாங்க?" என்றாள். மணி அடித்துவிட்டது. நான் மணிக்கு நன்றி சொன்னேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நெட்டை அண்ணன் இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார், டாக்டர் பார்க்கும் சுவர்கூட இருக்கிறது. காலையில் ஆட்கள் மேலே ஏறுவதற்கு முன் பெல்ட்டைப் பார்த்துச் சரி சொல்வது உன் வேலை என்று, சேர்ந்த புதிதில் இரண்டு பக்கம் பெருமையாக எழுதியிருந்தாய். அந்த ஆள் மட்டும் இந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லையே தம்பி?

அன்புடன்,
அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

மதருக்கு வணக்கம் இல்லை. மடத்தில் இப்போது இரண்டு மதர் இருப்பதாகத் தெரிகிறது. யாருக்கென்று சொல்வது?

நீ நன்றாகக் கேட்பாய். உனக்கு என்ன? மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ வீட்டிலிருந்து கழன்று போனாயே, அன்று உன்னை யார் தள்ளினார்கள்? நீயேதானே அவிழ்த்துக்கொண்டு போனாய்? நானும் அம்மாவும் உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தோம். பஸ் போன பிறகும் அம்மா கையைக் கீழே இறக்கவில்லை. நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

சரி. கேட்டாய் இல்லையா, சொல்கிறேன்.

காலைச் சரிபார்ப்புத் தாள் என்று ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு தாள். திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே "இரட்டைக் கொக்கி பெல்ட் சோதித்து வழங்கப்பட்டது" என்று அச்சடித்திருக்கும். தினமும் ஆட்கள் ஏறுவதற்கு முன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த முதல் மாதம் தினமும் போட்டேன். இரட்டைக் கொக்கி எங்கே என்று தினமும் கேட்டேன். "வரும்பா" என்றார்கள். உண்மையில் அது வந்தே இருந்தது. ஸ்டோரில் பதினான்கு பெல்ட் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தொங்குகிறது. ஆய்வுக்கு யாராவது வந்தால் வெளியே எடுத்து, ஆட்கள் இடுப்பில் மாட்டி, போட்டோ எடுத்து, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். இரண்டு கொக்கி என்றால் மாட்டி மாட்டி நகர வேண்டும், வேலை மெதுவாகும், புது பெல்ட் அழுக்காகும். இதெல்லாம் என்னிடமே சொன்ன காரணங்கள்.

இரண்டாவது மாதம் கேட்பதை நிறுத்தினேன். மூன்றாவது மாதத்திலிருந்து திங்கட்கிழமை காலையிலேயே ஆறு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எல்லா சைட்டிலும் அப்படித்தான் என்றார்கள். நெட்டை அண்ணன் விழுந்த வியாழக்கிழமைக்கு நான் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டேன் அக்கா. அவர் விழப்போகும் நாளுக்கு மூன்று நாள் முன்னாலேயே "சரி" சொல்லிவிட்டேன்.

மேனேஜர் நேற்று என்னை அறைக்குக் கூப்பிட்டார். தாளை மேஜையில் விரித்தார். பக்கத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலம், என் பெயரில்.

"ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். நீ ரெட்டைக் கொக்கி குடுத்த, அவன் ரெண்டையும் அவுத்துட்டான். இல்ல, நீ பொய்க் கையெழுத்து போட்ட. எது வேணுமோ எடுத்துக்க. நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆளு இல்லப்பா. உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். இதைத்தானே நீங்கள் சுயவிருப்பம் என்கிறீர்கள்? அழகாக இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. முப்பதாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள். நான் சாப்பிடவில்லை. இப்போது சந்தோஷமா?

வாலு


ஜூன் 21

என் தம்பிக்கு,

சந்தோஷம் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தையல் அறைக்குப் போனேன். அங்கே மெஷின் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் நீ சொன்னது சரி. யாரும் என்னைத் தள்ளவில்லை. நானாகத்தான் அவிழ்த்தேன். அம்மாவின் கை இறங்கவில்லை என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் நீ அதைச் சொல்லாமல் வைத்திருந்தாய்.

நானும் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். அது பதினேழு வருஷம்.

பள்ளி நாடகம் நினைவிருக்கிறதா? விண்ணகத்தில் போர். எனக்கு அட்டை இறக்கை, மரக்குச்சி ஈட்டி, தலைமைச் சம்மனசு வேஷம். உனக்குக் கறுப்புச் சட்டை, கயிற்று வால். அந்த வாலை நான்தான் பழைய துணி சுற்றித் தைத்து, ஒரே ஒரு ஊக்கால் உன் இடுப்பில் குத்திவிட்டேன். அன்றிலிருந்துதான் நீ வாலு. நான் உன் தோளை ஈட்டியால் தொட வேண்டும், நீ பின்னால் திரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அப்படித்தான் ஒத்திகை பார்த்தோம். ஆனால் அன்று நீ வாலை ஆட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு இறக்கை இருந்தும் உனக்குத்தான் கைதட்டல்.

நான் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தள்ளினேன், தம்பி. வேண்டுமென்றே, முழுப் பலத்தோடு. நீ மேடையின் ஓரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தாய். முன்பல் பாதி உடைந்தது. அம்மா ஓடிவந்து "யார்டா தள்ளினது?" என்று கேட்டாள். நீ வாயில் ரத்தத்தோடு, "நானே விழுந்துட்டேம்மா" என்றாய். எட்டு வயது உனக்கு. நான் இறக்கையோடு பக்கத்தில் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லை.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பதினொரு முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கிடைத்தது. ஒரு முறைகூட உன்னிடம் சொல்லவில்லை. கடவுளிடம் சொல்வது சுலபம். அவருக்குப் பல் உடையவில்லை. இதை மதரும் படிப்பார். படிக்கட்டும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நானும் பேனா மூடியைக் கழற்றி நீட்டுகிறவளாகிவிடுவேன். உண்மை சொன்னால் உனக்கு வேலை போகும், வழக்கு வரலாம். எனக்குத் தெரியாமலில்லை. இந்த மாதம் வாடகை கொடுப்பது நீ, நான் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "அவனே விழுந்தான்" என்ற வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று நம் இருவருக்கும் தெரியும். பக்கத்தில் இறக்கை கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு அது ரொம்ப வசதி.

சாப்பிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

கடிதம் கிடைத்தது. இன்னும் ஐந்து நாள். இப்போதைக்கு எதுவும் கேட்காதே. பல்லுக்கு ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன்.

வாலு


ஜூலை 2

என் சம்மனசு அக்காவுக்கு,

மதர் அவர்களுக்கு வணக்கம். நடுவில் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து இரண்டு வணக்கம்.

விசாரணைக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதிகாரியிடம் சொல்வதற்கு முன் நெட்டை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன் பதினொரு முறைக் கணக்குதான் காரணம். பொது வார்டு, ஜன்னலோரக் கட்டில். காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டில் அவருக்குப் பத்தவில்லை, பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தப் பாதத்தைத் துண்டால் மூடிக்கொண்டே இருந்தார். அது நழுவிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, தாள்ல நான் திங்கக்கிழமையே மொத்தமா கையெழுத்து போட்டுட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். இடுப்பு வலித்து முகம் கோணியது. "போடா டேய். அது எங்களுக்குத் தெரியாதா? நீ உக்காந்து ஆறு கையெழுத்து போடுறத, டீ குடிச்சுக்கிட்டே வாராவாரம் பாத்துட்டுதானே இருந்தோம்."

"அப்ப ஏண்ணே ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பெல்ட் இல்லாம எங்களை மேல ஏத்த மாட்ட. ஏறலேன்னா அன்னைக்கு வேலை கிடையாது. உன்னை எதுக்குச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டோம்."

அக்கா, அவர் என்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நாலாவது மாடியில் இரண்டு மூச்சு நேரம் அந்தரத்தில் நின்றவர், கீழே நிழலில் உட்கார்ந்திருந்த எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பார்த்திருக்கிறார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பாதத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவரு விட்டுட்டாரு தம்பி. நான் விடல. நாளைக்கு இதை அங்க போய்ச் சொல்லு, அப்புறம் வா. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

மன்னிப்பைவிட அது நன்றாக இருந்தது.

விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அவர் தன் விருப்பப்படிதான் கொக்கியை அவுத்தாரா?" என்று கேட்டார். எழுதிவைத்திருந்த கேள்வி. மேனேஜர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், அவுத்தாரு. ஒரு கொக்கிதான் குடுத்தோம், அவுக்காம அங்க நகர முடியாது. ரெண்டு கொக்கி குடுத்ததா தாள்ல இருக்கிற கையெழுத்து என்னோடது. அது பொய். ஸ்டோரைத் தொறந்து பாருங்க. சாவி இவர் மேஜை டிராயர்ல இருக்கு" என்றேன்.

"யோவ், என்ன உளர்ற?" என்று மேனேஜர் எழுந்தார். அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "சாவியை எடுங்க சார்." பதினான்கு பெல்ட்டும் உறை கிழியாமல் தொங்கின. உறைமேல் இருந்த தூசியில் அவர் விரலால் ஒரு கோடு போட்டார். பிறகு என் வாக்குமூலத்தைக் கையாலேயே எழுதச் சொன்னார். நாலு பக்கம்.

இப்போது நிலைமை இதுதான். கம்பெனி மேல் வழக்கு. என் மேலும் வழக்கு, பொய்ச் சான்று கொடுத்ததற்கு. நியாயம்தான். வேலை அன்றைக்கே போய்விட்டது. நெட்டை அண்ணன் வைத்தியத்தை நிறுத்தக்கூடாது என்று அதிகாரி எழுதிக்கொடுத்திருக்கிறார். கம்பெனி எத்தனை நாள் அதை மதிக்கும் என்று பார்க்க வேண்டும். மதிக்காவிட்டால் ஆட்கள் யாரும் மேலே ஏறமாட்டோம் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். நேற்றிலிருந்து எல்லோர் இடுப்பிலும் இரட்டைக் கொக்கி. ஒருவன் விழ வேண்டியிருந்தது பார், உறையைக் கிழிக்க. நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு வைத்துச் சோறு போட்டு, எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அன்னைக்குப் பல்லு உடைஞ்சப்பவும் இதே மூஞ்சியோடதான் நின்ன" என்றாள். அவளுக்கு அப்போதே தெரியுமாம் அக்கா. உன் இறக்கை ஒன்று கசங்கியிருந்ததாம்.

எனக்கும் தெரியும். விழும்போது உன் முகத்தைப் பார்த்தேனே. உன்னைக் காப்பாற்றத் தியாகம் செய்தேன் என்றெல்லாம் நினைக்காதே. உனக்கு அடி விழுந்தால் அடுத்த நாள் எனக்கு யார் கணக்குப் போட்டுத் தருவார்கள்? பல் போனதில் கோபமே இல்லை. வால் அறுந்து விழுந்ததே, அதில்தான் கோபம். பதினேழு வருஷமாகிறது. நஷ்டஈடு வர வேண்டும்.

நாளை காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இனிமேல் போகலாம்.

உன்,
வாலு


ஜூலை 10

என் வாலுக்குட்டிக்கு,

உன் கடிதம் பிரிக்காமலே என் கைக்கு வந்தது. எட்டு வருஷத்தில் முதல் முறை. மதர் அதைத் தானே கொண்டுவந்து தையல் மெஷின்மேல் வைத்தார். "உங்க தம்பி எனக்கு வணக்கம் சொல்லியிருப்பான். அந்த வரியை மட்டும் வாசி, போதும்" என்றார். வாசித்தேன். இரண்டு வணக்கம் என்றதும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "ரெண்டையும் வாங்கிக்கிட்டேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தவரும் அவர்தான். கேள்விக்குறி மறுபடி எழுந்து, "ஒரு பேய் நிஜமாவே மன்னிப்பு கேட்டா கடவுள் முடியாதுன்னு சொல்லிடுவாரா சிஸ்டர்?" என்று கேட்டாள். புத்தகத்தில் பதில் இருக்கிறது. என் வாயிலிருந்து அது வரவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். மதர் காதுக்குப் போய்விட்டது. "எனக்கும்தான் தெரியாது. அதுக்காகப் பிள்ளைங்ககிட்ட சொல்லிடறதா?" என்றார். அப்படிச் சொன்னதும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது.

உன் கடிதத்தை அன்று முழுக்க அங்கிப் பையிலேயே வைத்திருந்தேன். உனக்காக நான் பெருமைப்படுகிறேன் என்று எழுதினால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய். அதனால் எழுதவில்லை. வழக்குக்கு என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் எழுது. அன்றைக்கு வர மதர் அனுமதி கொடுத்துவிட்டார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த முறை திரும்பிப் பார்ப்பேன்.

அண்ணி உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள். நெட்டை அண்ணனின் பாதத்துக்குக் கம்பளிநூலில் ஒரு உறை பின்னியிருக்கிறேன். சாதாரண அளவைவிட நாலு விரல் நீளம். நழுவாது.

கூட இருக்கும் பொட்டலம் உனக்கு. சிரிக்காதே. தையல் அறையில் மிஞ்சிய கறுப்புத் துணியைச் சுற்றி, உள்ளே கயிறு வைத்து, மூன்று நாள் தைத்தேன். நுனியில் குஞ்சமும் உண்டு. போன தடவை ஒரே ஒரு ஊக்கை நம்பி உன்னை மேடையில் ஏற்றிவிட்டேன். இந்த வாலுக்கு இடுப்பில் மாட்ட இரண்டு கொக்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இன்றைய தேதியில், இன்றைக்குத்தான்.

சோதித்து வழங்கியது,
உன் அக்கா